இடது கால் பட்டை

ஜெரோம் சார் போய்விட்டார். இன்று காலை, வாஞ்சூர் ரோட்டில், டீக்கடை வாசலில்... நிலக்கரி லாரி பின்பக்கமாக வந்து ஏறிவிட்டது.

டீக்கடைக்காரர்தான் போன் செய்தார். "நாலு பேரு நின்னாங்கண்ணே. மூணு பேரு குதிச்சு ஓடிட்டாங்க. அவருக்குத்தான் அந்தக் காலு வரல. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லண்ணே..."

போனை வைத்துவிட்டுக் கதவில் ஓங்கிக் குத்தினேன். கை வீங்கிவிட்டது. ஒரு கையால்தான் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் விமானப்படையில் ஃபைட்டர் பைலட், தலத்தெருக்காரர். நான் நெடுங்காடு, அதே ஸ்குவாட்ரனில் டெக்னீஷியன். வடக்கே இருந்த அந்த ஏர்பேஸில் காரைக்கால் ஆட்கள் என்று நாங்கள் இரண்டே பேர்.

அங்கே ஆபீசர் மெஸ் வேறு, எங்கள் மெஸ் வேறு. சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடிக்க முடியாது.

எங்களுக்குக் கிடைத்தது ஏணிதான். அவர் காக்பிட்டில் உட்கார்ந்ததும் நான் ஏணியில் நின்று அவரை சீட்டோடு சேர்த்துக் கட்டுவேன். அந்த இரண்டு நிமிடம் ஊர்ப் பேச்சு ஓடும்.

"என்ன நெடுங்காடு, வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா?" எப்போதும் இதுதான் முதல் கேள்வி. அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது... ஆனாலும் கேட்பார்.

கட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. வலது கால், இடது கால், இடுப்பு, தோள். ஆபத்தில் பைலட் சீட்டோடு வெளியே வெடித்துப் பாயும்போது, கால் பட்டைதான் காலை சீட்டோடு இழுத்துப் பிடிக்கும். பட்டை இல்லை என்றால் அந்த வேகத்தில் காற்றே காலை முறித்துவிடும்.

விபத்து நடந்ததற்கு முந்தின நாள் அப்பா போனில் அழுதிருந்தார். தண்ணீர் வரவில்லை, நாற்று கருகுகிறது, மடை திறக்கிற தகராறில் சித்தப்பா மண்டையை மண்வெட்டியால் பிளந்துவிட்டார்கள் என்று.

மறுநாள் வலது கால் பட்டையை மாட்டிக்கொண்டே அதை சாரிடம் சொன்னேன்.

"உசுரு இருக்குல்ல?"

"இருக்கு சார். பதினோரு தையல்."

"வெட்டினவன் யாரு, நம்ம பங்காளியா?"

"பங்காளிதான் சார்..."

பேசிக்கொண்டே இடுப்புக்குப் போய்விட்டேன். இறங்கி நின்று, எல்லாம் சரி என்று கட்டைவிரலை உயர்த்தினேன்.

விமானம் எழும்பியதும் ஒரு பருந்து எஞ்சினுக்குள் போனது. வால் முழுக்க நெருப்பு. சீட் வெடித்து வெளியே வந்ததைப் பார்த்தேன், அடுத்த மூச்சில் விமானம் தரையில் மோதிச் சிதறியது.

ஜீப்பில் போனோம். முதலில் ஓடியது நான். கடுகு வயலில் கிடந்தார்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. பைலட் உடையைக் கிழித்துக்கொண்டு எலும்பு நின்றது. ரத்தம் மண்ணில் ஊறிக்கொண்டே இருந்தது. வலது காலில் ஒரு கீறல் இல்லை.

குனிந்தேன். என் காலரைப் பிடித்து இழுத்து, வாயிலேயே ஒரு குத்து விட்டார். முன்பல் தெறித்தது.

"மாட்டலடா நீ," என்றார்.

மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் இன்னொன்றும் சொன்னார். "எவன் கேட்டாலும் வாயத் தொறக்காத. வேலை போயிடும். உன் தங்கச்சி கல்யாணம் இருக்கு."

விசாரணையில் அவர் சொன்னது இதுதான்: "பட்டை உறுத்தியது, நானே கழற்றிவிட்டேன்." தப்பு அவர் பெயரில் எழுதப்பட்டது. பிறகு அவர் பறக்கவே இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. பல் எங்கே என்று கேட்டவர்களிடம் வாலிபால் என்றேன். கட்டிய மனைவியிடமும் அதே வாலிபால்.

ரிட்டயர் ஆகி இருவரும் ஊருக்கு வந்தோம். போன வருடம் என் மகள் கயல், பைலட்தான் ஆவேன் என்று அடம் பிடித்தாள். நோட்டு நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு வந்தவளை சார் வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

"பயமா இருக்காதா அங்கிள்?"

"இருக்கும்மா. பயமே இல்லன்னு சொல்றவன்கூட நான் பறக்க மாட்டேன்."

"குண்டு போட்டா கீழ உள்ளவங்க தெரிவாங்களா?"

"அப்ப தெரிய மாட்டாங்க." இடது காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்தார். "வீட்டுக்கு வந்து படுத்தா தெரிவாங்க."

கடைசியாக ஒன்று கேட்டாள். "பட்டைய நீங்களே கழட்டிட்டீங்கன்னு அப்பா சொன்னாங்க. ஏணியில நின்னவரு பாக்கலையா அங்கிள்?"

காபியைச் சட்டையில் சிந்திக்கொண்டேன்.

"பாத்தான், பாத்தான். நல்ல பய. ஒரே ஒரு குத்துதான் விட்டேன், அதுக்கே அழுதுட்டான்," என்று சிரித்தார். கயலும் சிரித்தாள்.

லாரி டிரைவரை ஊரே சேர்ந்து அடித்ததில், மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். என்னை அடிக்கத்தான் ஆள் இல்லை.

கயல், நீயும் இதைப் படிப்பாய். நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஏணியில் நின்றவன் உன் அப்பன். அந்த இடது கால் பட்டையை நான் மாட்டவே இல்லை. மாட்டாமலே கட்டைவிரலை உயர்த்தினேன். இன்று காலை அவரை ஓடவிடாததும் அந்தக் கால்தான்.

நாளை மாலை நான்கு மணிக்குத் தலத்தெரு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

போய் வாங்க சார். பெட்டியை இடது பக்கம் நான் தூக்குகிறேன்.