மாமனுக்குத் தடை இல்லை

என் அக்கா புருஷனை நினைத்தாலே முதலில் கண்முன் வருவது அவருடைய தாடிதான். இராணுவ முகாமின் சாமான் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவர். தினமும் மழமழவென்று சவரம் செய்து, கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே காஜா பேராங் வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்புகிற மனிதர். அக்கா மூன்றாம் முறையாக முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே சவரக் கத்தியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மனைவி பிள்ளையுண்டாகியிருக்கும்போது புருஷன் முடி எடுக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது என்பது நம்மவர்களின் சாங்கியம். முதல் இரண்டு பிள்ளைகளும் மூச்சில்லாமலே பிறந்தன. அந்த இரண்டு முறையும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் பாறை ஏறிக்கொண்டிருந்தார். அதனால்தான் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவராகவே முடிவுகட்டிக்கொண்டார்.

பாறை ஏறுகிற பைத்தியம் முகாமில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடமிருந்து ஒட்டிக்கொண்டது. சிப்பாய் ஊர் திரும்பினான், பைத்தியம் இங்கேயே தங்கிவிட்டது. ஊருக்கு வெளியே, புக்கிட் பாரு தாண்டி, ரப்பர் மரங்களுக்குப் பின்னால், கல்லுடைக்கிற இடத்தை ஒட்டி ஒரு கருங்கல் பாறை நின்றது. மாடி வைத்த கடைவீட்டைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். கீழ்ப்பாதியில் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு நெட்டுக்குத்தாக ஒரு வெடிப்பு. மேல்பாதியில் அந்த வெடிப்பு விரிந்து, இரண்டு சுவருக்கு நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்தாகிவிடும். முதுகை ஒரு சுவரிலும் பாதங்களை எதிர்ச்சுவரிலும் அழுத்திக்கொண்டு அதில் உந்தி உந்திப் போக வேண்டுமாம். இரண்டு வருஷமாகச் சந்தின் வாய்வரை போய்ப் போய்த் திரும்பினார். மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வருகிறது, சாலைகளை அகலப்படுத்த வேண்டும், அடுத்த மாதம் அந்தப் பாறைக்கும் வெடி வைக்கப்போகிறார்கள் என்று சேதி வந்ததும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

அப்புறம் ஒரு நாள் தாடியைச் சொறிந்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாங்கியம் புருஷனுக்குத்தானே மாப்ள? மாமனுக்கு ஒண்ணும் சொல்லலியே!"

தலையில் அடித்துக்கொண்டேன். நான் கப்பல் ஏஜெண்டு ஒருவரின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவன். பத்து விரலை நம்பிப் பிழைக்கிறவன். கொய்யா மரம்கூட ஏறினதில்லை. சொன்னால் கேட்கிற ஆளா அவர்? காலையில் காப்பி குடிக்கவிடாமல், மாலையில் பேப்பர் படிக்கவிடாமல் பத்து நாள் பிராணனை வாங்கினார். கடைசியில் அக்காவே அலுத்துப்போய், "போயிட்டு வாடா தம்பி, இந்த மனுசன் ரெண்டு நாளு நிம்மதியா தூங்கட்டும்" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "பிள்ளைக்குக் காது குத்த இவன் மடி வேணும். முழுசா கொண்டாந்து சேருங்க" என்றாள்.

ஞாயிறு மத்தியானம் அவர் சைக்கிளில் போனோம். பஸ் பட்டறையில் கேட்டு வாங்கிய பெரிய பெரிய நட்டுகளைச் சிறு கயிறுகளில் கோத்து என் கழுத்தில் மாலையாகப் போட்டார். வெடிப்பு குறுகுகிற இடத்தில் ஒரு நட்டைச் செருகி, கொக்கி மாட்டி, என் இடுப்புக் கயிற்றை அதில் நுழைத்துவிட்டால் விழுந்தாலும் தாங்கும் என்பது அவர் கணக்கு. கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு தரையில் நின்றவர் வாயை மூடினாரா என்றால், அதுதான் இல்லை. "கைய உள்ள விடு! கட்டைவிரல மடக்கு, கை தானா பூட்டிக்கும்! ஐயோ, காலப் பாருலா, காலு!" கல் புறங்கையின் தோலை உரித்தது. திங்கட்கிழமை எப்படித் தட்டச்சு செய்வது என்று நினைத்துக்கொண்டே, அவரை மனத்துக்குள் வைதுகொண்டே ஏறினேன். எப்படியோ வெடிப்பின் முடிவுக்கு வந்துவிட்டேன்.

அங்கேதான் வினை. சந்தின் வாயில் கால் வைக்க இடம் தெரியாமல் முழங்காலை உள்ளே விட்டு ஒரு தள்ளு தள்ளினேன். கால் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க வீங்கியது. முழங்காலை மட்டும் உள்ளே விடாதே என்று அவர் சொல்லவே இல்லை. சொன்னேன் என்று சாகும்வரை சாதித்தார். கடல் பக்கத்திலிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் கல் வழுக்கும். மாட்டிய காலோடு நான் பின்னால் சாய்ந்தால் கயிறு தாங்கினாலும் முழங்கால் தாங்காது. பக்கத்து மலாய்க் கிராமத்துக்குப் போய் ஆள் கூட்டி வர அரைமணி நேரமாவது ஆகும்.

"எவ்ளோ நேரம் தாங்குவ மாப்ள?" குரலே மாறியிருந்தது.

"தெரியலியே அத்தான். காலு மரத்துப்போச்சு."

குனிந்து பார்த்தேன். இரண்டு கையாலும் தாடியோடு முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு கயிற்றை ரப்பர் மரத்தில் இறுக்கிக் கட்டினார். செருப்பைக் கழற்றினார். சைக்கிள் சங்கிலியிலிருந்து கறுப்புப் பிசுக்கை உள்ளங்கை நிறைய வழித்து, அதை வாழையிலைத் துண்டில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கயிறில்லாமல் ஏறி வந்தார். மடமடவென்று வந்தார். நான் முக்கால் மணி நேரம் தொங்கித் தொங்கி வந்த வழி அது.

"மடப்பயலே, மூச்ச விடு. கால தொங்கவிடு. இழுக்காதடா, இழுக்காத!" திட்டிக்கொண்டே முழங்காலைச் சுற்றிப் பிசுக்கைத் தடவினார். கால் தோலோடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. மேலே பதினைந்து அடிதான் பாக்கி. இரண்டு வருஷமாக அவர் கனவு கண்ட சந்து தலைக்குமேல் திறந்து கிடந்தது. அண்ணாந்து ஒரு தடவை பார்த்தார். "எறங்கு" என்றார். என் பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து வைத்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் மனுஷன் இருக்க முடியவில்லை. கவிச்சியை விட்டார். விடியற்காலையில் கோயில், முகாமிலிருந்து திரும்பும்போது கோயில். "அசையுதா, அசையுதா" என்று அக்காவை நாளுக்குப் பத்து முறை கேட்டு அவளை அழவைத்தார். மெர்டேக்காவுக்கு ஊரே விளக்குப் போட்டுக்கொண்டு திடலுக்குப் போனது; இவர் வாசற்படியைத் தாண்டவில்லை. பாறைக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம், அதிலும் நீங்கள் பாதிதானே ஏறினீர்கள் என்று நான் தனியே அழைத்துச் சிரித்துக்கூடப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு எரிச்சல்தான் மூண்டது. அந்தச் சாங்கியத்தில் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. அவருக்கு இருந்தது என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. பிள்ளையை இழந்துவிடுவோம் என்று முழுசாக நம்பிக்கொண்டே ஒருவர் எனக்காக ஏறி வந்தார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மகன் பிறக்க வேண்டியிருந்தது.

அந்தப் பாறை நின்ற இடத்தில் இப்போது வரிசை வீடுகள். அக்கா மகளுக்கே பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். "அப்பா ஏன் மாமா என்னைப் பள்ளிக்கூடத்துல மலைக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட விடல?" என்று இன்னமும் குறைப்படுகிறாள். எனக்கென்ன தெரியும் என்கிறேன்.

அவள் பிறந்த காலையில் ஆஸ்பத்திரி நடைபாதைக் கடைசியில் சுவரைப் பார்த்தபடி நின்றார் அத்தான். தாதி சொன்னதைக் கேட்டுவிட்டு நான்தான் ஓடினேன். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. திரும்பக்கூட இல்லை.

"அழுதுச்சா?"

"வார்டே அதிருது அத்தான்."

அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்து, "கேட்டுக்க மாப்ள. இனிமே எவனுக்காகவும் ஏற மாட்டேன். உனக்காகவும்தான்" என்றார்.

நல்ல சேதி கொண்டுவந்தவனிடம் பேசுகிற பேச்சா இது என்று அன்றைக்கு முழுக்க அவரோடு நான் பேசவில்லை.