லீவு என்றால் ஊருக்குத்தானா?

இன்று மாலை ரோலா கடைத்தெருவில், வழக்கமாகத் துணி எடுக்கும் கீழக்கரை பாயின் கடைக்குப் போனேன். "லீவு கிடைச்சிருச்சு பாய்" என்றதுதான் தாமதம், மேசைக்கு அடியிலிருந்து ஒரு பார்சலை எடுத்து நீட்டினார்.

"மதுரை ஏர்போர்ட்டுக்கு நம்ம மச்சான் வருவாரு. அவர்ட்ட குடுத்துருங்க."

"நான் ஊருக்குப் போகல பாய். ஐஸ்லாந்து போறேன். நல்ல குளிர் தாங்குற ஜாக்கெட் காட்டுங்க."

"கம்பெனி அனுப்புதா?"

"இல்ல, சும்மா பாக்கத்தான். கார் வாடகைக்கு எடுத்து நாலு நாள் நானே ஓட்டப் போறேன்."

"வருஷம் பூரா டிரெய்லர் ஓட்டுறீங்க, லீவுலயும் வண்டியா? அங்க யாரு இருக்கா?"

"யாருமே இல்ல. அதான் போறேன்."

பதினொரு வருடமாக இந்த வளைகுடாவில், பாலைவன ரோட்டில் ருவைஸுக்கு இரும்புக் குழாய் ஏற்றிப் போகிறேன். அழகாக இருக்கிறதே என்று ஒருநாளும் வண்டியை ஓரங்கட்டியதில்லை. ஐஸ்லாந்தில் அருவிக்கு ஒருமுறை நிறுத்துவேன், பனிமலைக்கு ஒருமுறை நிறுத்துவேன். எங்கே இருக்கிறாய் என்று எந்த சூப்பர்வைசரும் போன் போட முடியாது.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். மூணு நாளா பேசல. டிக்கெட் போட்டாச்சு பாய்."

முப்பது கிலோ லக்கேஜில் இருபத்தைந்து காலி. ஐஸ்லாந்து ஏர்போர்ட்டுக்கு யாருடைய மச்சானாவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், பார்சலைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.