பிரேக்கில் காற்று எடுத்த ஞாயிற்றுக்கிழமை

காருக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தால் வானம் வேறு மாதிரி இருக்கும். சக்கரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு துண்டு நீலம், அதில் எப்போதாவது ஒரு கடற்காகம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி நாள் எனக்கு அப்படித்தான் போகும். ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனதும் உண்டு.

பல கை மாறி என்னிடம் வந்த பழைய கார் அது. மெக்கானிக்கிடம் விட்டால் எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் செல்போனில் வீடியோ பார்த்து எல்லா வேலையையும் நானே செய்வேன். உப்புக் காற்று ஒரு பக்கம் அரித்துக்கொண்டே வரும், நான் இன்னொரு பக்கம் ஒட்டுப் போட்டுக்கொண்டே போவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் திமிர் ஒருநாள் எண்ணூர் சாலையில் அடங்கியது. முன்னால் போன கன்டெய்னர் லாரி நின்றது. நான் மிதித்த பிரேக் தரை வரை போயும் கார் நிற்கவில்லை. ஓரத்து மணல்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். பின்சீட்டில் இருந்த மகளுக்கு நெற்றியில் புடைப்பு. மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"இனிமே பாப்பா இதுல ஏறாது" என்றாள்.

அத்தோடு என்னிடம் பேச்சையும் நிறுத்திவிட்டாள். சாப்பாடு வரும், துவைத்த சட்டை வரும், ஒரு வார்த்தை வராது. எனக்கு அது பொறுக்கவே இல்லை.

பிரேக் எண்ணெய் கசிந்த வீல் சிலிண்டரை நானே மாற்றினேன். ஆனால் பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். யாரைக் கூப்பிடுவது என்று படுத்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். கார்க் கதவு திறந்தது. கொலுசுச் சத்தம். என் மனைவி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அமுக்கு... அமுக்கு... புடி" என்றேன்.

அவள் மிதித்தாளா என்று கீழிருந்து தெரியவில்லை. தெருவில் போன லாரி இரைச்சலில் கொலுசும் கேட்கவில்லை.

"புடிச்சிகினியா இல்லியா? சொன்னாதான் தொறக்க முடியும்."

"புடிச்சிகினேன்" என்றாள்.

எண்ணூர் சாலைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நிப்பிளைத் திறந்தேன். அதில் மாட்டியிருந்த டியூப் வழியாகக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்து பாட்டிலில் உடைந்தன. மூடிவிட்டு "வுடு" என்றேன். மறுபடி அமுக்கு, மறுபடி புடி. மறுபடி அவள் குரல். கடலில் எங்கோ ஒரு கப்பல் ஊதியது. வெயில் மெல்ல எதிர்ச்சுவருக்கு ஏறியது. நாலு சக்கரமும் முடிந்து குமிழ் நின்ற பிறகும் நான் அமுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"இன்னுமா காத்து வர்து?"

"வர்து" என்று பொய் சொன்னேன்.

வேலை முடிந்து ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது, மகளை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவள் என் பக்கத்தில் ஏறினாள்.

"மொதல்ல நானு. அப்பால பாத்துக்கலாம்."

கடலோரச் சாலையில் முன்னால் ஒரு லாரி நின்றது. மிதித்தேன். கார் சொன்னபடி நின்றது. திரும்பிப் பார்த்தால், பெடலே இல்லாத அந்தப் பக்கத்தில் அவள் வலது காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவளே பின்கதவைத் திறந்து, "ஏறு பாப்பா" என்றாள். நான் நம்பாமல் பார்த்தேன்.

"இன்னா பாக்குற? நீ அந்தாண்ட புடி. நான் இந்தாண்ட புடிச்சிகினு வர்றேன்."

இன்றைக்கும் நான் பிரேக் போடும்போதெல்லாம் அவள் கால் தரையை அழுத்தும். அந்தப் பக்கத்து ரப்பர் விரிப்பு தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. அந்த வண்டியில் நான் இதுவரை மாற்றாமல் வைத்திருப்பது அது ஒன்றுதான்.