மூன்று கை உப்பு

நாலு நாள் கல்யாணத்தை ஒரே நாளில் முடிக்கும் புதுப் பழக்கம் அப்போதுதான் கரமனைத் தெருவுக்கு வந்திருந்தது. நாள் சுருங்கியதே தவிர, இலையில் ஒரு பதார்த்தம்கூடச் சுருங்கவில்லை. அவியல், எரிசேரி, ஓலன், பருப்பு, சாம்பார், ரசம், போளி, அதன் தலையில் ஊற்றப் பால் பாயசம், எல்லாம் அப்படியே வேண்டும். ஆனால் தாலி ஏறிய சூட்டோடு பந்தி போட்டு, ராகுகாலம் பிறப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டாரைத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அன்று காலை பார்த்து எங்கள் தலைமைச் சமையல்காரரான என் அத்தானுக்கு பெரிய வெண்கல உருளியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. கரண்டி என் கைக்கு வந்தது.

பயந்திருக்க வேண்டும். எனக்கோ தலைகால் புரியாத குஷி. முந்தின வருஷம் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போனபோது, தேங்காய் வாங்கிப் போக அடுப்படிக்கு வந்த பெண் ஒருத்தி என் மூக்கில் அப்பியிருந்த மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அதோடு நான் தீர்ந்தேன். ஜாதகம்கூடப் பொருந்தியது. அவளுடைய அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. "சமையல்காரனுக்குப் பொண்ணு கொடுக்கறதுன்னா கைப்பக்குவம் பாக்காம எப்படி? சாப்பிட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். இந்தக் கல்யாணத்து மாப்பிள்ளைக்கு அவர் பெரியப்பா. என் வாழ்க்கை அந்தச் சாம்பாரில் கொதித்துக்கொண்டிருந்தது.

எங்கள் சமையலில் ருசி பார்க்கிற பேச்சே கிடையாது. சுவாமிக்கு நைவேத்தியம் ஆகும்வரை ஒரு சொட்டு நாக்கில் படக் கூடாது, மூக்குதான் எல்லாம். அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். உப்புப் போடுகிறவன் "விழுந்தாச்சு" என்று சத்தமாகச் சொல்லுவான், மற்றவர்கள் "ஆச்சு" என்று திருப்பிச் சொல்லுவார்கள். பல வருஷமாக இந்தக் குரல் பிசகியதில்லை.

நான் கை நிறைய உப்பை அள்ளிச் சாம்பாரில் போட்டு "விழுந்தாச்சு" என்றேன். அதே க்ஷணத்தில் பந்தலில் கெட்டிமேளம் முழங்கியது. இரண்டு நாகஸ்வரமும் இரண்டு தவிலும் ஒரே சமயத்தில் வெடித்தால் என் குரல் எம்மாத்திரம்? தாலி ஏறிவிட்டது, இனி பந்திதான் என்று ஆளாளுக்குப் பறந்தோம். மேளம் அடங்கியதும் போளி தட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார்.

"சாம்பாருக்கு உப்பு நான் போட்டாச்சு, கேட்டேளா. நீர் மேளத்தில மறந்துடுவீரேன்னு."

"நீரா? நான்னா போட்டேன்" என்றார் சாதம் வடிக்கிறவர்.

நான் மூன்று விரலைக் காட்டினேன். அழுவதா சிரிப்பதா என்று எனக்கே தெரியவில்லை. மூன்று பேரும் அண்டாவின்மேல் குனிந்து முகர்ந்தோம். கோவளத்தில் அலை அடிக்கிற மாதிரி இருந்தது வாசனை. முதலில் போளிக்காரர் சிரித்தார், அப்புறம் எங்களை யாராலும் நிறுத்த முடியவில்லை.

சிரித்துக்கொண்டேதான் வேலை செய்தோம். ஓலனுக்கு வெந்த பூசணிக்காய் உப்பில்லாமல் இருந்தது. பருப்பும் உப்பில்லாமல் இருந்தது. மூன்று பங்கு உப்பு என்றால் மூன்று பங்கு சாம்பார், அவ்வளவுதானே? சாம்பாரை மூன்று பாத்திரமாகப் பிரித்து, வெந்ததையெல்லாம் அவற்றில் கவிழ்த்தேன். ஒருவர் புளி கரைக்க, ஒருவர் தேங்காய் வறுத்து அரைக்க, நான் வெந்நீரோடு மூன்று அடுப்புக்கும் நடுவே ஆடினேன். ஆடினேன் என்றால் நிஜமாகவே ஆடினேன். அத்தனை அவசரத்தில் ஒரு கை இன்னொரு கைமேல் இடிக்கவில்லை. அதுபோல ஒரு வேலை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை.

கல்யாணப் பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்தார். "இலை போட்டாச்சு. ஓலன் எங்கே?"

"சாம்பார்ல இருக்கு, மாமா."

அவருக்கு விளங்கவில்லை. பஸ் டிரைவர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால், விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை.

நைவேத்தியம் ஆயிற்று, பந்தி நடந்தது. நான் கதவிடுக்கு வழியாக மாப்பிள்ளையின் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாம்பாரை இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். கை கழுவியதும் நேராகச் சமையல்கட்டுக்கு வந்தார்.

"அம்பி, சாம்பாருக்கு உப்பு நீ போட்டதா?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. போளிக்காரர் என்னைப் பார்த்தார், நான் சாதக்காரரைப் பார்த்தேன். மூன்று பேரும் சேர்ந்து பொங்கிவிட்டோம். கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை அப்படியே அவரிடம் கொட்டினேன். ஒரு பொய் சொல்லி முடித்திருக்கலாம், சிரிக்கிறவனுக்குப் பொய் எங்கிருந்து வரும்?

அவர் சிரிக்கவில்லை. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சிரிப்பு நின்றது, மனசு வெறிச்சென்று ஆயிற்று. ஆனாலும் வழியில் சாப்பிடப் போளி கட்டிக் கொடுப்பது சமையல்காரன் கடமை. வாழையிலைப் பொட்டணங்களைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஜன்னலோரம் அவர்தான் உட்கார்ந்திருந்தார். பொட்டணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்காத்துல ஒருத்தி இருக்கா. இப்படித்தான், சிரிக்க ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது" என்றார். பஸ் நகர்ந்தது. நானும் கூடவே ஓடினேன். அவர் தலையை வெளியே நீட்டினார்.

"மாப்பிள்ளே, தை மாசம் வாங்கோ. அன்னிக்கு நீங்க அடுப்படிப் பக்கமே எட்டிப் பாக்கப்படாது. மணையில உக்காந்தாப் போறும்."