அடிக்கிறதுக்கு ஒரு போன், பேசுறதுக்கு ஒரு போன்

சின்ன காஞ்சிபுரத்தில் சித்தாரா எஸ்.டி.டி. பூத் திறந்தது தொண்ணூற்றாறில். கணவர் ஜான் பாஷா சரிகைக் கடை வேலைக்குப் போய்விடுவார். பூத் முழுக்க அவள் பொறுப்பு. பேச வருகிறவர்கள் ஒரு கண்ணை மீட்டரிலேயே வைத்திருப்பார்கள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் தொகை எகிறிவிடும்.

அந்தத் தெருவில் முதலில் செல்போன் வாங்கியவர் புடவைத் தரகர் ஆதிகேசவன். செங்கல் கனத்தில் இருந்த அதைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்திருப்பார். ஆனால் அப்போது வருகிற அழைப்புக்கும் காசு. போன் அடித்தால் எண்ணைப் பார்ப்பார், துண்டிப்பார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூத்துக்கு ஓடி வருவார்.

"ஏண்ணா, கையிலயே போன் இருக்குதே?"

"இது அடிக்கிறதுக்கும்மா. பேசுறதுக்கு உன் பூத்துதான்."

சித்தாராவால் சிரிப்பை அடக்க முடியாது.

இரண்டாயிரத்து மூன்றில் வருகிற அழைப்பு இலவசமானது. ஆதிகேசவனின் ஓட்டம் நின்றது. பூக்காரம்மா, ஷேர் ஆட்டோக்காரர் என்று எல்லார் கையிலும் செல்போன். பூத்தில் சித்தாரா ஈ ஓட்டினாள்.

"மூடிட்டு வளையல் கடை வச்சிடலாமா?" என்றார் ஜான் பாஷா. அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு மதியம் ஆதிகேசவன் மறுபடி மூச்சிரைக்க ஓடி வந்தார். பெங்களூர் வியாபாரியிடம் விலை பேசிக்கொண்டிருக்கும்போதே பேலன்ஸ் தீர்ந்துவிட்டதாம். பூத்திலிருந்து பேசி வியாபாரத்தை முடித்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ரீசார்ஜ் கார்டு வாங்க பஸ் ஸ்டாண்டுக்குல்ல போவ வேண்டியிருக்குது! இந்தப் பக்கம் ஒருத்தரும் விக்கலியேம்மா."

சித்தாரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வாரமே பூத்துக்குக் கார்டு வந்துவிட்டது. முதல் கார்டை ஆதிகேசவனே வாங்கி, நாணயத்தால் சுரண்டிய வேகத்தில் உள்ளே இருந்த ரகசிய எண்ணில் ஓர் இலக்கத்தையும் சேர்த்துச் சுரண்டிவிட்டார்.

"அண்ணா, கார்டுண்ணா அது! பாறைய உடைக்கிற மாதிரி சுரண்டுறீங்களே!"

மூன்றா, எட்டா? தெருவே கூடி ஆளுக்கொன்று சொன்னது. எட்டைப் போட்டதும் பணம் ஏறியது, ஒரே ஆரவாரம்.

வெளியூர் மகனிடம் மாதம் ஒருமுறை பூத்துக்கு வந்து மூன்று நிமிடம் பேசிவந்த தேவகி, இப்போது வாரம் தவறாமல் கார்டு வாங்கினாள். "போன் செலவு ரொம்பக் குறைஞ்சுபோச்சு சித்தாரா" என்று வேறு சொன்னாள். சித்தாரா அடுத்த கார்டை எடுத்து நீட்டினாள்.

வியாபாரம் சூடு பிடித்த பிறகு அவளும் ஒரு செல்போன் வாங்கி, வேலூரில் வாழ்க்கைப்பட்ட மகள் சானியாவைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, எதுனா ஆயிடுச்சா?" மகள் பதறினாள்.

"ஒண்ணுமில்லடி. சும்மாதான் கூப்ட்டேன். இன்னா கொழம்பு வச்ச, சொல்லு."