கெண்டைக்கால் ஆறுமுன்

அச்சுவேலிப் பஞ்சலிங்கத்துக்கு வேலை இரண்டு. வெங்காயத் தோட்டம் செய்வது ஒன்று. ஐம்பது தாண்டியவர்களின் கரப்பந்தாட்ட அணியில் வலைக்கு மேலே எழும்பி அடிப்பது மற்றது. முதலாவது சோறு போட்டது. இரண்டாவதுக்காகத்தான் அவர் விடிய எழும்பினார்.

முந்தின வருட மார்கழியில் இரண்டும் ஒரே நாளில் நின்றுபோயின. திருவெம்பாவைக்குக் குளித்து, கோவிலுக்குப் போய், வெறும் வயிற்றோடும் ஈரத் தலையோடும் நேரே மைதானத்துக்கு வந்தார். பனி இன்னும் விலகவில்லை. எல்லாரையும் போல அவரும் வெளிநாட்டுத் தைலத்தைக் காலில் தேய்த்தார். தோல் எரிந்தால் கால் சூடாகிவிட்டது என்பதுதான் அந்த அணியின் கணக்கு. முதல் பந்துக்கே துள்ளினார். கெண்டைக்காலில் யாரோ கல்லால் எறிந்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவருமில்லை.

தசை கிழிந்திருந்தது. அவர் கதிரையில் காலைத் தூக்கி வைத்திருக்க, மனைவி பூரணம் தனியே களை பிடுங்கினார். பாதி வெங்காயம் புல்லுக்குள் போயிற்று.

"இன்னொருக்கா உந்தக் கால் போனால் பந்தை மறந்திடுங்கோ."

பூரணம் கோபமில்லாமல் சொன்னார். அதனால் அது முடிந்த முடிவு என்று பஞ்சலிங்கத்துக்கு விளங்கியது.

ஆசுபத்திரியில் அவருக்குப் பயிற்சி கொடுத்த கஜானி அதிகம் கதைக்கவில்லை. "ஐயா, தைலம் தோலைத்தான் எரிக்கும். தசைக்குச் சூடு ஓடினால்தான் வரும். மெல்ல ஓடுங்கோ, பிறகு சின்னனாய்த் துள்ளுங்கோ. வேர்த்த பிறகு பந்தைத் தொடுங்கோ. ஆறவிட்டால் திரும்ப முதலிலை இருந்து."

ஒரு வருடம் கழித்து, இந்தத் தை மாதப் போட்டிக்கு அவர் சாப்பிட்டுவிட்டு, சுவெற்றரும் கம்பளித் தொப்பியும் போட்டு, எல்லாருக்கும் முன்னரே வந்து மைதானத்தைச் சுற்றி ஓடினார்.

"என்ன பஞ்சண்ணை, நுவரெலியா மலைக் குளிருக்கோ வெளிக்கிட்டியள்?" என்றார் அணியில் அவருக்கு இளையவரான மார்க்கண்டு.

"ஓமடா, பஸ்ஸை விட்டிட்டன். ஓடிப் போறன்."

நன்றாக வேர்த்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு அணியையும் அணிப் பெனியனோடு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அவரும் சுவெற்றரைக் கழற்றினார். விளக்கேற்றல், மாலை, வரவேற்புரை. அடுத்துப் பிரதம விருந்தினர் தம்பிஐயா, ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர், கையில் ஒரு கட்டுத் தாளோடு எழுந்து கழகம் தோன்றிய காலத்திலிருந்து தொடங்கினார். மெல்லிய பெனியனோடு நின்றவர்கள் மேல் வாடைக்காற்று அடித்தது. பஞ்சலிங்கத்தின் முதுகில் வேர்வை குளிர்ந்தது. கெண்டைக்கால் மெல்ல இறுகியது. பேச்சு முடிந்த கையோடு துள்ளினால் திரும்பவும் அந்த மார்கழிதான். ஆனால் விருந்தினர் பேசும்போது வரிசையை விட்டு விலகியவர் அந்த ஊரில் கிடையாது.

அவர் கையை உயர்த்தினார்.

"ஐயா, குறை நினையாதையுங்கோ. நிண்டால் கால் பிடிக்கும். நீங்கள் கதையுங்கோ, நான் ஓடிக்கொண்டு கேக்கிறன்."

தம்பிஐயா கண்ணாடியைக் கழற்றினார். "ஓடினால் கேக்குமோ?"

"நல்ல மைக், ஐயா. அங்காலை கரவெட்டி வரைக்கும் கேக்கும்."

சிரிப்பு வெடித்தது. பஞ்சலிங்கம் ஓடத் தொடங்கினார். "எனக்கும் போனமுறை தொடை பிடிச்சது," என்று மார்க்கண்டு பின்னால் ஓடினார். பிறகு எதிரணியும் ஓடியது. தம்பிஐயா கொஞ்ச நேரம் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசிப் பார்த்தார். கழுத்து வலித்திருக்க வேண்டும்.

"மிச்சத்தைப் பரிசு குடுக்கேக்கை சொல்லுறன். விளையாடுங்கோ."

பஞ்சலிங்கம் முதலில் சின்னனாய்த் துள்ளிப் பார்த்தார். கால் சொன்னதைக் கேட்டது. பிறகு வலைக்கு மேலே எழும்பி அடித்தார், இறங்கினார், மறுபடி எழும்பினார். கடைசிச் சுற்றில் அணி தோற்றது.

வீடு திரும்பிப் படலையைத் திறந்தவரின் முகத்தைப் பூரணம் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"வெண்டியளோ?"

"தோத்துப்போனம்."

"நடை நேராய்த்தான் இருக்கு. வாங்கோ, வெங்காயப் பாத்திக்குத் தண்ணி திருப்பி மாறவேணும். சாப்பிட்டிட்டு வாங்கோ." இரண்டு அடி போனவர் நின்றார். "அடுத்தது எப்ப?"

"மாசியிலை. வட்டுக்கோட்டையிலை."

"தண்ணி இறைப்பு நாளிலை வையாமல் பாருங்கோ," என்றுவிட்டுப் பூரணம் தோட்டத்துக்கு இறங்கினார்.