கேமராவுக்கு வைத்த பொட்டு

எனக்கு உட்கார வராது. வீட்டில் இதை ஒரு வியாதி என்றே சொல்வார்கள். கேஸை அடைத்தோமா என்று பார்க்க எழுந்தால் வழியில் கதவுத் தாழ்ப்பாள் கண்ணில் படும். தாழ்ப்பாளைச் சரிபார்த்ததும் மோட்டார் ஞாபகம் வரும். மோட்டாரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் கேஸ். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனால்தான். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது சைக்கிளைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்தது. எழுந்து போனவன் திரும்ப உள்ளே போகவில்லை. சைக்கிள் பூட்டித்தான் இருந்தது.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே இடத்தில் பல வருஷம் நிலைத்த வேலை என்றால் அது இந்த மசாலாப்பொடி கம்பெனி சூப்பர்வைசர் வேலைதான். திண்டுக்கல்லிலிருந்து பழனி போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான ஹால். ஒரு கோடியில் பொடி அரைக்கிற இயந்திரம். மற்ற இடமெல்லாம் மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் பெண்கள் கவரில் பொடியை அள்ளிப் போட்டு, தராசில் வைத்து, ஒட்டுகிற மெஷினில் வாயை ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். நான் மேஜைகளுக்கு நடுவில் நடப்பேன். தராசு சரியாக நிற்கிறதா, ஒட்டின வாய் பிரிகிறதா, யாராவது இட்லிப்பொடிக் கவரில் சாம்பார்ப்பொடியைப் போட்டுவிட்டார்களா என்று பயந்துகொண்டே நடப்பேன். பயப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே கம்பெனி இதுதான் என்று என் மனைவி சொல்வாள்.

முதலாளி ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவார். போன வருஷம் கோயம்புத்தூரில் ஏதோ தொழில் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தவர், ஒரு வாரம் ஏஐ, ஏஐ என்றே பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் வந்து, ஹாலின் நடுவில் கூரைக் கம்பியில் ஓர் உருண்டைக் கேமராவை மாட்டினார்.

"இது சாதாரண கேமரா இல்ல சார். ஒவ்வொரு மேஜையையும், ஒவ்வொரு ஆளையும் தனித்தனியா பாக்கும். வேலை நடந்தா பச்சை, சும்மா இருந்தா செவப்பு. முதலாளி ஃபோன்லயே தெரியும்" என்றார்.

"எது வேலை, எது வேலை இல்லன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"அது தானா கத்துக்கும் சார்."

நான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கே இன்னும் அது முழுதாகத் தெரியாது.

அன்று சாயங்காலம் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "ஏனுங்க, இனி ஒருத்தர் கூடவே நின்னு பாக்கோணும்னு இல்லீங்களே. ஆயுதபூஜை வரைக்கும் பாப்போமுங்க. அப்பறம் உங்க விசயத்த ஒரு முடிவு பண்ணிக்கலாம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"உங்க விசயம்னா என்ன விசயம்?" என்றாள் மனைவி.

"வேலையை விட்டு நிப்பாட்டுறது."

"அப்படிச் சொன்னாரா?"

"அப்படிச் சொல்லல. 'விசயம்'னு சொன்னாரு."

"ஒரு வேளை சம்பளம் கூட்டுற விசயமா இருக்கும்."

அப்படி ஒரு சாத்தியம் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய பிறகும் நம்பவில்லை. இந்த வயதில், இந்தப் படிப்பில், நடப்பதைத் தவிர ஒன்றும் தெரியாதவனை வேறு யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேமராவுக்கு எது பச்சை என்பதை ஹால் மிகச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டது. ஏதாவது ஆடினால் பச்சை. அவ்வளவுதான். பொடி அள்ளும்போது பச்சை, அடுக்கும்போது பச்சை. ஆனால் கவர் வாயை ஒட்டும்போது கையை அசைக்காமல் பிடிக்க வேண்டும். அசைத்தால் ஒட்டு கோணலாகி பொடி கசியும். எங்கள் தொழிலில் ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். கேமரா அதைச் சும்மா இருப்பதாக எடுத்துக்கொண்டது.

"ரெண்டாவது மேஜை செவப்புங்க" என்று முதலாளி அறையிலிருந்தே ஃபோனில் சொல்வார். நான் ரெண்டாவது மேஜைக்கு ஓடுவேன். அங்கே சின்னாளப்பட்டியிலிருந்து வருகிற அக்கா, எங்கள் ஹாலிலேயே நேர்த்தியாக ஒட்டுகிறவர், ஒட்டிக்கொண்டிருப்பார்.

"ஒட்டும்போது கொஞ்சம் ஆட்டிக்கிட்டே ஒட்டும்மா" என்றேன்.

"ஆட்டுனா கோணலாப் போகுமேண்ணே."

"கோணலாப் போனாலும் பச்சையாப் போகும்."

"பச்சைப் பொடியா விக்கப் போறோம்?" என்று கேட்டுவிட்டு, இடுப்பை மட்டும் இப்படியும் அப்படியுமாக ஆட்டிக்கொண்டு ஒட்டினார். மேஜை பச்சையானது. மறுநாள் ஹால் முழுக்க இடுப்பை ஆட்டியது. வெளியூர் ஆள் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் கும்மிக்கு ஒத்திகை பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

எல்லோருக்கும் அந்த அக்காவின் திறமை வருமா? மற்றவர்களுக்கு இடுப்போடு கையும் ஆடியது. பழனியில் ஒரு கடைக்காரர் ஒரு வண்டி மிளகாய்ப்பொடியில் பாதியைத் திருப்பி அனுப்பினார். பெட்டியைத் தூக்கியதும் அவர் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தும்மினார்களாம்.

தும்மலுக்கும் பச்சைதான். எங்கள் ஹாலில் மிளகாய் அரைக்கிற நாளில் யாருமே ஒரு நிமிஷம் நிற்க முடியாது. ஆளாளுக்குத் தும்மி, கண்ணைக் கசக்கி, முந்தானையை விசிறுவார்கள். அன்று ஃபோனில் வயல்வெளி மாதிரி பச்சை. "பாருங்க, மிளகாய் அரைக்கிறன்னிக்கு எல்லாரும் எம்புட்டு உற்சாகமா இருக்காங்க" என்றார் முதலாளி. கேமரா வந்த பிறகு அவர் ஹாலுக்குள் வருவதே இல்லை. முன்பெல்லாம் தினமும் வந்து, பொடியை உள்ளங்கையில் போட்டு நக்கிப் பார்த்து, உப்பு கூடிவிட்டது என்று முகத்தைச் சுளிப்பார். இப்போது அறையில் உட்கார்ந்து ஃபோனைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. அவர் அறையில் கேமரா இல்லை.

மாதம் முடிந்ததும் கேமரா தன் அறிக்கையைத் தானே எழுதி அனுப்பியது. டீ நேரத்தில் முதலாளி எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று போட்டு, ஒரு ஆளைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டிருந்தது. கட்டத்துக்குள் நான். கையைப் பிசைந்துகொண்டு, கழுத்தைத் திருப்பி, எதையோ தேடுகிற முகத்தோடு.

"அண்ணே, பார்ட்டி எப்ப?" என்றார் சின்னாளப்பட்டி அக்கா.

"வேலையே செய்யாம எப்படிண்ணே முதல் பரிசு வாங்குனீங்க? எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

எனக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்தது. சிறந்த ஊழியரை எப்படி நிறுத்துவார்கள்? ஆனால் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இம்புட்டுச் சுறுசுறுப்பா இருக்கிறவரை சும்மா நடக்க விடறது வீணுங்களே. லோடு ஏத்தப் போட்டா என்னங்க?"

லோடு ஏற்றுகிறவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார். அவர் ஒரு தோளில் நாலு பெட்டி தூக்குவார். எனக்கு ஒரு பெட்டிக்கே முழங்கால் பேசும். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து பழகினேன். ஸ்டூலில் உட்கார்ந்தால் சிவப்பு, சிவப்பென்றால் வேலை போய்விடும் என்று எழுவேன். எழுந்து நடந்தால் பச்சை, பச்சையென்றால் லோடு என்று உட்காருவேன். இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததைக் கேமரா உச்சபட்ச உழைப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

ஆயுதபூஜை வந்தது. முந்தின நாளே ஹாலைக் கழுவி, மாவிலை கட்டி, வாசலில் வாழைக்கன்று வைத்தோம். அரைக்கிற இயந்திரம், தராசுகள், ஒட்டுகிற மெஷின்கள், லோடு வண்டி, முதலாளியின் கால்குலேட்டர், ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார் முதலாளியின் மனைவி. கணக்கையும், கடைகளுக்குச் சரக்கு போவதையும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். தட்டில் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது. அண்ணாந்து பார்த்தார்.

"அதுவும் நமக்காகத்தானே உழைக்குது. அதுக்கும் வச்சு விடுங்க."

லோடு ஏற்றுகிறவர் ஏணியில் ஏறினார். உருண்டையாக இருக்கிற ஒரு பொருளுக்கு நெற்றி எங்கே இருக்கும்? நடுவில் பளபளவென்று வட்டமாக ஓர் இடம் இருந்தது. அங்கே தாராளமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். ஒரு முழம் கதம்பத்தை அதன் மேலேயே தொங்கவிட்டார். கீழே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நானும் போட்டுக்கொண்டேன். என் விஷயத்தை நல்லபடியாக முடித்துக்கொடு என்று அந்தக் கேமராவிடமே மனசுக்குள் வேண்டினேன். பொரி, கடலை, சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

பூஜை முடிந்தால் முடிவு என்று சொல்லியிருந்தாரே, அந்த நினைப்பில் எனக்கு வயிறு கெட்டுப் படுத்துவிட்டேன். "சுண்டலால வந்ததில்ல, நெனப்பால வந்தது" என்றாள் மனைவி. ஒரு வாரம் கம்பெனிக்குப் போகவில்லை.

திரும்பிப் போன அன்று முதலாளி முகம் பூரித்திருந்தது. "வாங்க, உக்காருங்க. இதைப் பாருங்க." ஃபோனை நீட்டினார். எல்லா மேஜையும் பச்சை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், ஒரு சிவப்புகூட இல்லாமல். "நீங்க லீவுல இருந்த அத்தனை நாளும் இப்படித்தானுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க இல்லாமலேயே நடக்குதுங்களே."

ஹாலைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெண்கள் இடுப்பை ஆட்டாமல் சாதாரணமாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாதிப்பேர் வெங்காயச் சட்னி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படிப் பச்சை?

"இன்னிக்கு நம்ம சிநேகிதர் ஒருத்தர் வராருங்க. வேடசந்தூர் பக்கம் மில்லு வச்சிருக்காரு. இதே கேமரா வாங்கோணுங்கிறாரு. அவர் போனதும் நாம பேசிக்கலாமுங்க."

சிநேகிதர் வந்தார். பெரிய மனிதர், பெரிய வயிறு, எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புகிற ஆள். ஃபோனில் பச்சையைப் பார்த்துவிட்டு, "நெறத்த வச்சு நான் என்ன பண்றது? படத்தைக் காட்டுங்க" என்றார். முதலாளி சுவரிலிருந்த டிவியில் கேமரா பார்ப்பதை நேராகப் போட்டார். ஃபோனில் பச்சை இருக்கும்போது படத்தைப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு அதுவரை வந்ததில்லை.

டிவி முழுக்க மஞ்சள். நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். அதற்குக் குறுக்கே, காய்ந்த கதம்பத்தின் நிழல், ஃபேன் காற்றில் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. ஆட ஆட, திரையின் மூலையில் ஒவ்வொரு மேஜையாகப் பச்சை எரிந்தது.

சிநேகிதர் செருப்பைக் கழற்றப் போனார். பிறகுதான் சிரித்தார். "என்னப்பா இது, கம்பெனியக் காட்டச் சொன்னா கர்ப்பக்கிரகத்தைக் காட்டுற? நல்லா உழைக்குதே உங்க பூமாலை. சம்பளம் எம்புட்டு?"

அவர் போனதும் முதலாளி டிவியை அணைத்தார்.

"நான் ஏறித் தொடைக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

உள்ளே வந்த அவர் மனைவி, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா குங்குமத்தத் தொடைக்கிறதா? மாலையை மட்டும் எடுங்க. பொட்டு தானா உதிரட்டும்" என்றார்.

"கேமராக்காரன் காசு வாங்கிட்டுப் போயிருக்கான், இங்க பொட்டு அதோட கண்ணைக் கட்டிப் போட்டிருக்குது" என்றார் முதலாளி.

"கண்ணு இருந்தப்ப மட்டும் என்ன பண்ணுச்சு? நானும் வண்டி ரொம்புறதப் பாத்துட்டுத்தான் இருக்கேன். செவப்பா இருந்தப்பவும் அதே வண்டிதான், பச்சையா இருந்தப்பவும் அதே வண்டிதான். நடுவுல ஒரு தடவ பழனியிலருந்து பாதிச் சரக்கு திரும்பி வந்துச்சு, அது ஒண்ணுதான் புதுசு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

"நீங்க பழையபடி நடங்க" என்றார் கடைசியில். "அப்படியே இந்தக் கேமராவையும் ஒரு கண்ணு பாத்துக்குங்க. ஒழுங்கா வேலை செய்யுதான்னு."

என்னை நிறுத்த வந்ததற்கு நானே சூப்பர்வைசர் ஆனேன். மனைவியிடம் சொன்னபோது, "இனி அதுக்கும் சேத்துக் கவலைப்படுவீங்க" என்றாள். அதுதான் நடந்தது. தினமும் காலையில் போனதும் ஏணியை வைத்து, வயர் இறுக்கமாக இருக்கிறதா, பொட்டு எந்த அளவுக்கு உதிர்ந்திருக்கிறது என்று பார்க்கிறேன். வேலைக்கு ஒத்தாசையாக வந்த சாமானால் என் வேலை ஓர் ஏணி உயரம் கூடியிருக்கிறது. முதலாளி மறுபடியும் ஹாலுக்குள் வந்து பொடியை நக்கிப் பார்க்கிறார். பழனிக் கடைக்காரரிடமிருந்து எதுவும் திரும்பி வரவில்லை.

கொஞ்ச நாளில் சந்தனம் வெடித்து, ஓர் ஓரத்தில் சின்னதாகப் பெயர்ந்து விழுந்தது. அந்தச் சந்து வழியாகக் கேமராவுக்கு ஹாலில் ஒரே ஒரு இடம்தான் தெரிந்திருக்க வேண்டும். அது நான் திரும்பித் திரும்பி நடக்கிற இடம். மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. பச்சைக் கட்டத்துக்குள் மறுபடியும் நான்.

வண்டிக்குப் பக்கத்திலிருந்து லோடு ஏற்றுகிறவர் குரல் கொடுத்தார். "அண்ணே, வாங்க. ரெண்டு பெட்டி மட்டும் தூக்கிப் பாருங்க."